முத்தம் எந்தப் பக்கம்?

ஒரு முத்தத்துக்காக ஒருத்தியை ஆயுளுக்கும் உள்ளே தள்ள முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும் என்பார் எங்கள் இன்ஸ்பெக்டர். அன்று காலை போனிலேயே சொல்லிவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள அவளே கையெழுத்துப் போட்டுடுவா மேடம்" என்று அவர் சிரித்த சிரிப்பு, போனைக் காதில் வைத்திருந்த என் பாஸைத் தாண்டி எனக்கே கேட்டது.

பாஸ் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொன்னவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போவதும், யாரும் கேட்காத கருத்தைச் சொல்வதும் என் வேலை. அதற்காக அவர் எனக்கு வைத்த பெயர் ஓட்டைவாய். அப்பா அம்மா வைத்த பெயரை ஆபீஸில் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். செத்தவன் ஒரு லாரி மெக்கானிக். பவுடர் என்கிற போதைப் பழக்கத்தை விடுவதற்காகத் தினமும் காலையில் மாற்று மருந்து மையத்துக்குப் போய் ஒரு சின்னக் கோப்பை சிரப் குடித்துவந்தான். அங்கே போகிறவர்கள் அதை மையம் என்று சொல்வதில்லை, ஜன்னல் என்பார்கள். கம்பி போட்ட ஒரு ஜன்னல் வழியாகத்தான் கோப்பை வரும், நர்ஸ் கண்முன்னாலேயே குடித்தாக வேண்டும். போன வாரம் ஒரு காலை அவன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. அதே சிரப் அவன் உடம்பு தாங்கும் அளவைத் தாண்டி ஏறியிருந்ததாகப் போஸ்ட்மார்ட்டம் சொன்னது. ஜன்னலில் கொடுத்ததோ எப்போதும் கொடுக்கும் அதே அளவு. அப்படியென்றால் மிச்சத்தை ஊற்றியது யார்?

அவன் பெண்டாட்டி என்றார் இன்ஸ்பெக்டர். மையத்து கேட் ஓரத்தில் அவள் தினமும் அவனுக்கு வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுத்ததற்குச் சாட்சி இருந்தது. அவளுக்கும் பவுடர் பழக்கம் இருந்தது. புருஷன் திருந்திவிட்டால் தன்னை விட்டுவிடுவான் என்ற பயத்தில், கள்ளத்தனமாக சிரப் வாங்கி வாயில் வைத்திருந்து முத்தத்தோடு முத்தமாக ஊட்டிவிட்டாள் என்பது அவர் கதை.

"பாஸ், இந்தக் கணக்குல பார்த்தா எங்க தெருவுல பாதிப் பேரு ஜெயில்ல இருக்கணும்" என்றேன்.

"உனக்குப் பயமில்லை. உனக்கு யாரு குடுக்கப் போறா" என்று ஸ்கூட்டரை உதைத்தார்.

எங்களை அமர்த்தியது செத்தவனின் அக்கா. தம்பிக்குப் பத்து வயது இருக்கும்போதே தாய் தகப்பன் போய்விட, தூக்கி வளர்த்தவள். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். நாங்கள் போனபோது வாசலில் உள்ளங்கை நீளத்துக்குச் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே சுவரோரம் குட்டிக் கட்டில்கள், கொடியில் காயும் குட்டித் துண்டுகள், முகப்பவுடர் வாசம். அந்த வாசத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பவுடரைப் பற்றிப் பேசுவது எனக்கே ஒருமாதிரியாக இருந்தது.

"அவதான் மேடம் கொன்னா" என்றாள் அக்கா, எங்களுக்கு பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டு. "அவ எங்க வாங்கினா, யார்கிட்ட வாங்கினா, அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அவ வெளியவே வரக் கூடாது. அவளைக் கட்டின நாள்ல இருந்துதான் என் தம்பி கெட்டான்."

"அவங்களுக்கு முன்னாடியே அவருக்குப் பழக்கம் இருந்ததா சொல்றாங்களே."

"யாரு சொன்னது? எனக்குத் தெரியாதா அவனை?" அக்கா குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. "அவளை விட்டுட்டு வர்றதா இருந்தா வான்னு சொன்னேன். வந்தான். இந்த வீட்டுக்குள்ள அவ கால் வைக்கக் கூடாதுன்னேன், சரின்னான். ஆனா தினம் அந்த கேட்டுல போய் நின்னிருக்கா பாருங்க."

பேச்சின் நடுவிலேயே இருமிக்கொண்டிருந்த ஒரு வாண்டை மடியில் போட்டு, வாயைப் பிளந்து, இருமல் மருந்தை ஊற்றினாள். அது கன்னத்தை உப்பிக்கொண்டு திருதிருவென்று விழித்தது.

"சொல்லு. ஏழு கழுதை கீழ விழுந்துச்சு."

வாண்டு தலையை ஆட்டியது. அக்கா அதன் மூக்கைப் பிடித்தாள். மடக்கென்று விழுங்கிவிட்டு அது அலறியது, "ஏழு கழுத கீழ விழுந்துச்சு." கட்டில்களில் கிடந்த மற்ற எல்லாக் கழுதைகளும் கூடவே கத்தின.

"வாயில எதையாவது வெச்சுக்கிட்டு இதைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நாக்கு மடங்கணும், மடிச்சா வழிஞ்சிடும்" என்று அக்கா விளக்கினாள். "மருந்தைக் கன்னத்துல ஒதுக்கிட்டு அப்புறம் துப்புங்க, எல்லாம் கேடிங்க."

நான் விடுவேனா. வாய் நிறைய பிஸ்கட்டோடு முயன்று பார்த்தேன். இரண்டாவது கழுதையிலேயே பாஸின் முழங்கை முழுக்கத் தூள். அவர் துடைத்துக்கொண்டே கேட்டார், "கடைசி நாள் ராத்திரி எப்படி இருந்தார்?"

அப்போதுதான் அக்காவின் முகம் இளகியது. "எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் மேடம் நிம்மதியா தூங்கினான். என்னா குறட்டை. தெருவுக்கே கேக்கும். கேட்டுக்கிட்டே நின்னேன். அப்புறம் யாரும் எழுப்பிடக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டு வந்தேன்."

பாஸ் என்னைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைப் பார்த்தார்.

ஜன்னல் பஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தின் முனையில் இருந்தது. கேட்டுக்கு வெளியே பைக் நிறுத்துமிடம். டோக்கன் கொடுக்கிறவர்தான் போலீஸின் முத்தச் சாட்சி. காலொடிந்த ஸ்டூலில் உட்கார்ந்து, டோக்கன் கட்டைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஜோடிப் புறாதான்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்" என்றார். "காலங்காத்தால நடுரோட்டுல. அவன் உள்ளேயிருந்து வருவான், நேரா போய் அவளைப் புடிச்சு ஒரு முத்தம். சின்ன முத்தமா? மூச்சு முட்டும்."

"நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்களா?" என்றேன்.

"வேற என்ன பொழுதுபோக்கு எனக்கு."

பாஸ் என்னை ஓரமாகத் தள்ளினார். "அந்தப் பொண்ணு வந்து காத்திருக்கிற வரைக்கும் என்ன பண்ணுவா?"

"பேசிக்கிட்டு இருப்பா. எங்கிட்டத்தான். லாண்டரியில இஸ்திரி போடுற வேலை அவளுக்கு. மொதலாளி அப்படி, சூப்பர்வைசர் இப்படின்னு நிறுத்தவே மாட்டா. அவன் வர்ற வரைக்கும் ஓயாது."

"அவன்?"

"அவன் உம்மணாமூஞ்சி. உள்ளேயிருந்து வரும்போது வணக்கம் சொன்னாக்கூட தலையைத்தான் ஆட்டுவான். ஆனா முத்தம் குடுத்து முடிச்சதும் பாருங்க, அவன் பேச ஆரம்பிப்பான், அவ சத்தமே காணாம போயிடும். கொஞ்ச நேரம் குனிஞ்சு நிப்பா. வெக்கம்போல."

பாஸ் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். அவர் அப்படிச் சாய்ந்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம். "கடைசி நாளும் முத்தம் உண்டா?"

"எங்க? கடைசி மூணு நாளா இல்லையே. அவன் வரும்போதே பேசிக்கிட்டு வந்தான். இவ அழுதா. கடைசி நாள் அவன் தள்ளாடிட்டு வந்தான், இவ கண்டபடி திட்டிட்டுத் திரும்பிப் பார்க்காம போயிட்டா."

"இதையும் போலீஸ்ல சொன்னீங்களா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு. முத்தம் குடுத்தாளான்னு கேட்டாங்க, ஆமாம்னேன்."

நாங்கள் திரும்பி நடந்தோம். பாஸ் மெதுவாகச் சொன்னார். "அவ வாயில விஷம் இருந்தா, அவன் வர்ற வரைக்கும் எப்படிடா இவர்கிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டு இருப்பா? வாய் மூடி வந்தது யாரு?"

"அவன்."

"முத்தத்துக்கு அப்புறம் வாய் மூடினது யாரு?"

"பாஸ், அப்ப முத்தம்…"

"இந்தப் பக்கம் போகல. அந்தப் பக்கம் போயிருக்கு." அவர் ஸ்டாண்டை எடுத்தார். "முத்தம் இருந்த வரைக்கும் அவன் உயிரோட இருந்தான். முத்தம் நின்னுது, செத்தான். இன்ஸ்பெக்டர் படத்தைத் தலைகீழா மாட்டி வெச்சிருக்கார்."

லாக்கப்பில் அவள் சுவரோடு சுருண்டு கிடந்தாள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். வெயில் நேரத்தில் கை மயிர் சிலிர்த்து நின்றது. கால் இரண்டும் தானாக உதைத்துக்கொண்டே இருந்தன. மருந்து ஒரேயடியாக நின்றுபோனால் உடம்பு இப்படித்தான் பழிவாங்கும். இன்ஸ்பெக்டர் கதவருகே நாற்காலி போட்டு வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தார். அவர் மேஜையில் வாக்குமூலம் தயாராக இருந்தது, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.

"ஒரு அடி அடிக்கல மேடம்" என்றார் பெருமையாக. "அடிக்கவே வேணாம் இவங்களை. சும்மா விட்டாப் போதும். கையெழுத்துப் போட்டா டாக்டர் வருவார்னு சொல்லியிருக்கேன்."

அவரை ஓங்கி ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றியது. என் உடம்பு அதற்குப் போதாது.

பாஸ் கம்பியருகே தரையில் உட்கார்ந்தார். "அம்மா, இங்க பாரு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. முத்தம் எந்தப் பக்கம் போச்சு?"

அவள் தலையைத் தூக்கினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீயே சொல்லு. சாருக்கும் கேக்கட்டும்."

"ஜன்னல்ல ஒரு குடும்பத்துக்கு ஒரு கார்டுதான் குடுப்பாங்க மேடம்" என்றாள். பல் தந்தியடித்தது. "ரெண்டு பேருக்குக் குடுத்தா ஒரு பங்கை வித்துடுவாங்கன்னு சட்டமாம். அவருக்குக் குடுத்துட்டாங்க, எனக்கு இல்லைன்னுட்டாங்க. அவர் மட்டும் எப்படிக் குடிப்பாரு? பாதி முழுங்குவாரு, பாதியை வாயில கொண்டுவந்து எனக்குக் குடுப்பாரு. மாசக்கணக்கா அப்படித்தான். பவுடரை ரெண்டு பேருமே தொடலை. ஒரு கோப்பையில ரெண்டு பேரும் பொழைச்சுக்கிட்டு இருந்தோம்."

"விவாகரத்து வாங்கியிருந்தா ரெண்டு கார்டு கிடைச்சிருக்கும்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"அதையும்தான் பேசினோம்" என்றாள் அவள். "அவர் மாட்டேன்னுட்டாரு."

"கடைசி மூணு நாள்?"

"யாரோ போன் பண்ணிப் போட்டுக் குடுத்துட்டாங்களாம். நர்ஸம்மா முழுசா முழுங்க வெச்சு, பேச வெச்சுத்தான் அனுப்பினாங்க. முழுங்கலைன்னா கார்டைப் புடுங்கிடுவோம்னாங்க. நாளைக்குப் பழையபடி விட்டுடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எனக்கு உடம்பு முறுக்குது, அவர் தள்ளாடிக்கிட்டு வர்றாரு, கண்ணு சொக்குது. பவுடர் போட்டுட்டுத்தான் வர்றாருன்னு நினைச்சேன். நீ மட்டும் நல்லா இருடான்னு சொல்லிட்டு, தொடாமக்கூடப் போயிட்டேன் மேடம்." அவள் நெற்றியைக் கம்பியில் இடித்துக்கொண்டாள். "என் வாய்க்காகத்தான் அவர் செத்தாரு. நான்தான் கொன்னேன்."

"பார்த்தீங்களா, அவ வாயாலயே சொல்றா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யார் போன் பண்ணினதுன்னு அவர் சொன்னாரா?"

"கேட்டேன். சிரிச்சாரு. சொல்லலை."

பாஸ் எழுந்தார். "சார், அந்தப் போன் நிஜம்னா உங்க கேஸ் பொய்."

இன்ஸ்பெக்டர் வெள்ளரிக் காம்பைத் துப்பினார். "நிஜம்னா பண்ணின ஆளைக் கொண்டாங்க. என் முன்னாடி சொல்லட்டும். ஆறு மணி வரைக்கும் டைம். அதுக்கு மேல இவளால தாங்க முடியாது, எனக்கும் வீடு இருக்கு."

ஜன்னலை அடைத்துவிட்டு நர்ஸம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கட்டை விரல் அளவு பிளாஸ்டிக் கோப்பைகள், தொட்டி நிறைய. எங்களைப் பார்த்ததும், "நான் குடுத்தது சரியான அளவு" என்றார். நாங்கள் இன்னும் எதுவுமே கேட்கவில்லை.

"சரியான அளவுதான். யாருக்குச் சரி?" என்றார் பாஸ். "தினமும் பாதிதான் முழுங்கினவருக்கு, திடீர்னு முழுசு."

ஒரு கோப்பை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. நர்ஸம்மா குழாயை மூடினார். "உடம்புக்குப் பழகின அளவு வரைக்கும்தான் அது மருந்து. பழக்கம் விட்டுப்போச்சுன்னா அதே அளவு விஷம். அதுவும் இந்த சிரப் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது. முதல் நாளுது இருக்கும்போதே ரெண்டாம் நாளுது ஏறும், அதுமேல மூணாவது. முழுங்கலைன்னு தெரிஞ்சப்பவே நான் அளவைக் குறைச்சு ஆரம்பிச்சிருக்கணும். குறைக்கணும்னா டாக்டர் வரணும். டாக்டர் வாரத்துக்கு ஒருதரம்தான் வருவார். வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. ஏமாத்தறானேன்னு எனக்கும் கோபம்." முந்தானையில் கையைத் துடைத்தார். "முன்னாடியெல்லாம் குடிச்சதும் வணக்கம் சொல்லச் சொல்லுவோம். அவன் முனகுவான், தலையாட்டுவான், விட்டுடுவேன்."

"போன்ல என்ன சொன்னாங்க?"

"பொம்பளைக் குரல். பேர் சொல்லலை. 'அந்த மெக்கானிக் முழுங்கறதே இல்லை, கன்னத்துல ஒதுக்கிட்டுப் போறான். வணக்கம்லாம் சரிப்படாது. குடிச்சதும் ஏழு கழுதை கீழ விழுந்துச்சுன்னு சொல்ல வைங்க. அப்புறம் பாருங்க'ன்னாங்க."

என் கையில் இருந்த ஹெல்மெட் தரையில் விழுந்து உருண்டது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

"நான் அவன்கிட்ட அதைச் சொல்லச் சொன்னேன்" என்று நர்ஸம்மா தொடர்ந்தார். "ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்னுட்டான். அப்புறம் சிரிச்சான். கண்ணு கலங்கிடுச்சு. மடக்குன்னு முழுங்கிட்டுச் சொன்னான். வரிசையே சிரிச்சுது."

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் நர்ஸம்மா. "பேர் தெரியாத போனைக் கேட்டு நடந்தேன்னு எழுதினா என் வேலை போயிடும். அந்தக் குரல் யாருதுன்னு எனக்குத் தெரியாது."

வெளியே வந்ததும் கேட்டேன், "பாஸ், நமக்குச் சம்பளம் குடுக்கிறதே அந்தக்காதான்."

"தெரியும்."

"அவங்களுக்கே தெரியாது பாஸ். அவங்க என்ன பண்ணினாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. சொல்லாம விட்டுட முடியாதா?"

"விடலாம்" என்றார் பாஸ். "விட்டா ஆறு மணிக்கு அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடுவா. நீ போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வா. வழி முழுக்க உன் ஓட்டைவாயை மூடிக்கிட்டு வா."

குழந்தைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தன. வாசலில் செருப்புகள் இல்லை. அந்த வீட்டில் பெரியவர்கள் உட்காரும் நாற்காலி இரண்டுதான். இன்ஸ்பெக்டர் கரடி படம் போட்ட குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார். வேறு நாளாக இருந்தால் நான் ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"கேஸ் முடிஞ்சிடுச்சா மேடம்?" என்றாள் அக்கா.

"ஏறக்குறைய" என்றார் பாஸ். இவ்வளவு கனிவான குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. "ஒரு சின்ன விஷயம் மட்டும் இடிக்குது. உங்க தம்பி ரொம்ப நாளா மருந்தை முழுங்காம ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கார். யாரோ ஒரு நல்லவங்க அக்கறையா ஜன்னலுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம்தான் கடைசி மூணு நாள் ஒழுங்காக் குடிச்சிருக்கார். அந்த மாதிரி அக்கறை உள்ளவங்க யாருன்னு தெரிஞ்சா, அவங்க பேரைப் பதிவு பண்ணணும்னு சார் நினைக்கிறார்."

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"வேற யாரு மேடம் இருக்கா அவனுக்கு? நான்தான்" என்றாள். "ஒருநாள் பஸ்ல வரும்போது பார்த்தேன், ஜன்னல்ல இருந்து வெளிய வர்றான். கன்னத்தை அப்படி இறுக்கி வெச்சிருந்தான். இத்தனை வருஷமா குழந்தைங்களைப் பார்க்கிறேன், மருந்தை ஒதுக்கின வாய் எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் போய்த் துப்பிட்டு, பவுடரை இழுக்கிறான்னு புரிஞ்சுபோச்சு. வீட்டுல கேட்டா பொய் சொல்லுவான். அதான் போன் பண்ணி, சின்ன வயசுல அவனுக்கு நான் சொல்லிக் குடுத்ததையே சொல்ல வெச்சேன். அவனைத்தான் முதல்ல அப்படி மருந்து குடிக்க வெச்சேன் மேடம். அப்புறம்தான் இந்தக் குழந்தைங்க எல்லாம்."

"ஏழு கழுதை" என்றார் பாஸ்.

"ஏழு கழுதை" என்று அக்கா சிரித்தாள். "கேட்டதும் நான்தான்னு கண்டுபிடிச்சிருப்பான். ஆனா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கலை. அன்னைக்கு எங்கிட்ட ரெண்டு தட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டான். அக்கா சொன்னது சரின்னு அவனுக்குப் புரிஞ்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். பாஸ் அவரிடம், "போதுமா சார்?" என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டு, சொன்னார். ஒரு கார்டு, ஒரு கோப்பை, கேட் ஓரத்து முத்தம், பாதி அளவுக்குப் பழகிப்போன உடம்பு, மூன்று நாள் முழு அளவு. எதையும் சுற்றி வளைக்கவில்லை, எதையும் விடவும் இல்லை. நான் கொடியில் காய்ந்த குட்டித் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை வரவே இல்லை.

"அவன் துப்பலையா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு சொட்டுகூடத் துப்பலை."

"பவுடர்?"

"மாசக்கணக்கா தொடலை."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் மருந்துதானே குடிக்க வெச்சேன்" என்றாள். அதையே மறுபடி சொன்னாள். "மருந்துதானே."

இன்ஸ்பெக்டர் அப்போதே எழுந்து போயிருக்கலாம். கேஸ் கை நழுவிய எரிச்சல். குட்டி நாற்காலியிலிருந்து பெயர்ந்து எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு ராத்திரி குறட்டை விட்டான்னு எங்க விசாரணையிலயும் சொன்னீங்களாமே. போஸ்ட்மார்ட்டம் டாக்டர் சொன்னாரு. இந்த சிரப் ஏறினா மூச்சு அடங்கும்போது அப்படித்தான் சத்தம் வருமாம். அப்ப எழுப்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருந்தா பொழைச்சிருப்பான். நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவரை அல்ல, என்னை. யாராவது இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று பார்த்தாள். எத்தனையோ நாள் எதையாவது உளறுகிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. பாஸ் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று அவர் சொன்னதும், நான் திரும்பிப் போய்க் கதவைத் தட்டியதும், அது திறக்காததும் தனிக் கதை.

லாக்கப்பில் இருந்தவளை அன்றே விட்டுவிட்டார்கள். ஜன்னலில் அவளுக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கார்டு, அந்தக் குடும்பத்தில் இப்போது ஓர் ஆள்தான். சட்டம் சட்டமாகத்தான் இருந்தது. புருஷன் வீட்டாரில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி என்றார்கள்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது அக்கா வந்திருந்தாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே, பைக் நிறுத்துமிடத்தில், தம்பி பெண்டாட்டி தினமும் நின்ற அதே இடத்தில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் மட்டும் உள்ளே போகும்போது, "வரேன் அண்ணி" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

வரிசை ரோடு வரைக்கும் இருந்தது. முதல் ஆள் குடித்தான். அவன் குரல் கேட் வரைக்கும் கேட்டது.

"ஏழு கழுதை கீழ விழுந்துச்சு."

இரண்டாவது ஆள் குடித்தான். "ஏழு கழுதை கீழ விழுந்துச்சு." மூன்றாவது ஒரு கிழவர், பல் இல்லை, மூன்று தரம் சொல்ல வைத்தார் நர்ஸம்மா. வரிசை சிரித்தது. இப்போது எல்லோருக்கும் அதுதான் விதியாகிவிட்டிருந்தது.

அவள் முறை வந்தது. கோப்பையை இரு கையாலும் பிடித்துக் குடித்தாள். அவ்வளவு நாளில் முதல் முறையாக அவளுக்கென்றே ஒரு கோப்பை அவள் உதட்டுக்கு நேராக வந்திருந்தது. நேற்று முழுக்கத் துடித்த உடம்பு என்பதால், டாக்டர் வந்து புதிதாக எழுதிய குறைந்த அளவு. விழுங்கினாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"சொல்லும்மா" என்றார் நர்ஸம்மா. "சொன்னாத்தான் அடுத்த ஆளு."

பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கேட் ஓரத்தில் அக்காவின் உதடுகள் தாமாக அசைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல், குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போல, நாக்கை மடித்து மடித்து.

"ஏழு கழுதை" என்று அவள் சொன்னாள், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. "கீழ விழுந்துச்சு."

"அடுத்த ஆளு."

டோக்கன்காரர் ஸ்டூலை அக்காவின் பக்கம் நகர்த்திப் போட்டார். வயதான பெண் நிற்கிறாளே என்ற இரக்கம்தான். உட்காருங்கம்மா என்றவர், பொழுதுபோகாமல் பேச்சுக் கொடுத்தார்.

"பார்த்தீங்களா, இப்ப ஒருத்தனாலயும் ஏமாத்த முடியலை. யார் கண்டுபிடிச்சாங்களோ தெரியலை. நல்ல மூளைம்மா."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவருக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். நான் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். பாஸ் வண்டியைக் கிளப்பும் வரை வாயைத் திறக்கவில்லை.